அப்பாவின் துப்பாக்கிக்குப் புதுக் கைப்பிடி

அன்புள்ள அண்ணா,

அப்பா வைத்திருந்த 1911 வகை .45 துப்பாக்கி இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் காலமான பிறகு தகுதிச் சான்றிதழ் எடுத்து, லைசென்ஸையும் என் பெயரில் வாங்கிவிட்டேன். பழைய பிளாஸ்டிக் கிரிப் (கைப்பிடியின் இரண்டு பக்கமும் மூடும் பலகைகள்) விரிசல் விட்டுவிட்டதால், தச்சர் ஒருவரிடம் தம்போட்டி மரத்தில் ஒரு ஜோடி செய்து வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் இடது பலகை மேல்பக்கம் சரியாக உட்காரவில்லை. பட்டனை அழுத்தினால் மேகசினும் (தோட்டா அடுக்கும் பெட்டி) விழுவதில்லை, பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. இடது பலகையின் மேல் விளிம்பை ராவி எடுத்துவிடலாமா? என் கூடப் பிறந்த அண்ணன் தன் இசட்-88 துப்பாக்கிக்கும் கிரிப் மாற்றச் சொல்கிறார்.

வெருலம் வாசகர்

தம்பி, அரத்தைக் கீழே வையுங்கள். அந்த மேல் விளிம்புதான் அந்தப் பலகையிலேயே முக்கியமான இடம்.

துப்பாக்கியின் இடது பக்கத்தைப் பாருங்கள். பின்னால் சேஃப்டி (தவறிச் சுடாமல் பூட்டும் நெம்புகோல்), முன்னால் ஸ்லைடு ஸ்டாப் (மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைப் பின்னால் நிறுத்தும் நெம்புகோல்), இரண்டுக்கும் நடுவில் பிரேமோடு, அதாவது துப்பாக்கியின் உடம்போடு, ஒட்டினாற்போல ஒரு சின்னக் குழாய் இருக்கும். உள்ளே ஒரு ஸ்பிரிங், அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி, ஒன்று சேஃப்டியை அழுத்திப் பிடிக்கிறது, மற்றது ஸ்லைடு ஸ்டாப்பை. இந்தக் குழாய் பிரேமில் நிற்பது இரண்டு சின்னக் கால்களின் பலத்தில், அந்தக் கால்களை உள்பக்கமாக அடித்து விரித்திருப்பார்கள், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் சுட்டுச் சுட்டு அவை தளரும். தளர்ந்தாலும் குழாய் வெளியே நகராமல் கீழிருந்து முட்டுக் கொடுப்பது இடது பலகையின் மேல் விளிம்பு. குழாய் நகர்ந்தால் சேஃப்டி நடுவில் சிக்கிக்கொள்ளும், மேலே போட்ட சேஃப்டி கீழே இறங்காமல் நின்றுவிடும். தற்காப்புக்கென்று லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிற துப்பாக்கியில் அது நடக்கவே கூடாது.

அதனால் விளிம்பைக் குறைக்காதீர்கள், குழாய் உட்காரும் பள்ளத்தை மட்டும் சரிசெய்யுங்கள். குழாயின் அடியில் கொஞ்சம் லிப்ஸ்டிக் தடவிப் பலகையை வைத்து அழுத்தி எடுத்தால் எங்கே இடிக்கிறது என்று மரமே காட்டிவிடும். சாயம் ஒட்டிய இடத்தை மட்டும் நயமான உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப வைத்துப் பாருங்கள். பொறுமையாகச் செய்யுங்கள், தேய்த்த மரம் திரும்ப வராது. எடுப்பதையெல்லாம் மரத்தில்தான் எடுக்க வேண்டும், இரும்பைத் தொடவே கூடாது. நம் தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பிரேமும் பேரலும் துப்பாக்கியின் முக்கிய பாகங்கள், அவற்றில் கை வைப்பது லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்தின் வேலை. அந்தக் குழாயே ஏற்கெனவே ஆடுகிறது என்றால் அதுவும் அவரிடம்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் தொடங்கும் முன்: தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. முதலில் மேகசினை எடுங்கள், அதற்குப் பிறகு ஸ்லைடை இழுங்கள். வரிசை மாறினால் மேகசினிலிருந்து இன்னொரு தோட்டா உள்ளே ஏறிவிடும். சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் குழியை, கண்ணால் பார்த்து, விரலையும் விட்டுப் பாருங்கள். நடுவில் எழுந்து டீ குடிக்கப் போய் வந்தாலும் மறுபடி பாருங்கள்.

சரி, மேகசின் விஷயம். பலகைகளைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூவும் இல்லாமல் மேகசினைப் போட்டு எடுங்கள். இப்போது வழுக்கிக்கொண்டு விழுந்தால் குற்றம் கிரிப் பக்கம்தான். தச்சர் ஸ்க்ரூவின் தலை உட்காரும் குழியை ஆழமாகக் குடைந்திருக்கலாம், அல்லது பலகையே மெல்லியதாக இருக்கலாம். அப்போது ஸ்க்ரூ புஷ்ஷை (ஸ்க்ரூ ஏறுவதற்காகப் பிரேமில் முறுக்கியிருக்கும் சின்னக் குழல்) தாண்டி மேகசின் போகும் வழியில் எட்டிப் பார்க்கும். மாட்டிய பிறகு கீழிருந்து டார்ச் அடித்தால் முனை மினுங்குவது தெரியும். அதற்குக் குட்டையான ஸ்க்ரூ போட வேண்டும், மெல்லிய பலகை என்றால் அதற்கென்றே உயரம் குறைந்த புஷ்ஷும் கிடைக்கிறது. ஸ்க்ரூ மேல் சந்தேகம் இல்லையென்றால் வலது பலகையைப் பாருங்கள். இடது பக்கம் பட்டனை அழுத்தும்போது அதன் மறுமுனை வலது பக்கம் வெளியே வரும், மரம் அதைத் தடுத்தால் பட்டன் முழுசாக உள்ளே போகாது.

பழைய துப்பாக்கியில் ஸ்க்ரூவைத் திருகும்போது புஷ்ஷும் சேர்ந்தே வந்துவிடுவது சகஜம். பதறிப்போய் அதை அப்படியே திரும்ப முறுக்காதீர்கள், அந்த மரை ரொம்ப நயமானது, கோணலாக ஏறினால் பிரேமே கெட்டுவிடும். ஸ்க்ரூவைப் புஷ்ஷிலிருந்து தனியாகப் பிரித்த பிறகு புஷ்ஷை மட்டும் கையால் நேராக ஏற்றி, லாக்டைட் என்ற மரைப் பசை ஒரு சொட்டு விட்டு ஒருநாள் காயவிடுங்கள். ஸ்க்ரூடிரைவர் ஸ்க்ரூவின் வெட்டில் இடைவெளி இல்லாமல் நிறைந்து நிற்க வேண்டும். சமையலறை டிராயரில் கிடப்பதை எடுத்தால் வழுக்கி மரத்தைக் கீறிவிடும்.

தம்போட்டி நல்ல தேர்வு, கனமான, வாசனையான, அழகான மரம். ஆனால் அதன் பால் விஷம், தூள் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், அந்த விறகில் யாரும் சமைக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்து தேயுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். தேய்த்து முடித்ததும் உள்பக்கம், ஓரம், ஸ்க்ரூ துளை எல்லாவற்றுக்கும் எண்ணெய் ஏற்றுங்கள். நிறையப் பேர் வெளிப்பக்கத்தை மட்டும் பளபளவென்று செய்துவிட்டு உள்பக்கத்தைப் பச்சையாக விட்டுவிடுகிறார்கள், நம் நேட்டால் கடற்கரை ஈரத்துக்கு அது உப்பிக்கொள்ளும்.

பலகைகள் கழன்றிருக்கும்போதே அடியில் இருக்கும் இரும்பையும் பாருங்கள். அப்பா காலத்திலிருந்து கழற்றாமலே இருந்திருந்தால் கை வியர்வையும் உப்புக்காற்றும் உள்ளே புகுந்து செந்துரு பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய பூச்சு விட்டு மூடுங்கள். மேலே துடைத்துத் துடைத்து மினுக்கி வைத்த துப்பாக்கிகளில்கூட கிரிப்புக்கு அடியில் துரு ஓடியிருக்கும். எனக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

அண்ணனின் இசட்-88 வேறு ஜாதி. அது பெரெட்டா 92-ஐப் பார்த்து 1988-இல் நம் நாட்டிலேயே போலீசுக்காகச் செய்தது. அதில் கவனிக்க வேண்டியது வலது பலகை. டிரிகர் பாரின் (டிரிகரின் இழுப்பைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு) ஸ்பிரிங்கை இடத்தில் நிறுத்துவதே அந்தப் பலகைதான், சட்டென்று தூக்கினால் ஸ்பிரிங் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மேலே கட்டைவிரலை வைத்துக்கொண்டு மெதுவாகக் கழற்றச் சொல்லுங்கள், ஸ்பிரிங் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். புதுப் பலகை மாட்டியதும், காலியான துப்பாக்கியில் டிரிகரை இழுத்து விட்டால் அது தானாக முன்னால் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் 1911-இலும் வேலை முடிந்ததும், காலியாகவே, ஹாமரை (பின்னால் இருக்கும் சுத்தியல்) ஏற்றி சேஃப்டியை மேலே போட்டு டிரிகரை அழுத்துங்கள், ஹாமர் விழக் கூடாது. சேஃப்டி மேலும் கீழும் டிக் டிக்கென்று போய் வர வேண்டும். அதற்குப் பிறகு ரேஞ்சில் ஒன்றிரண்டு மேகசின் சுட்டுவிட்டு நான்கு ஸ்க்ரூவையும் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் ஸ்க்ரூ தலைக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையம் போடுங்கள், முறுக்கி முறுக்கி இறுக்க வேண்டாம், தம்போட்டி பிளந்துவிடும்.