எலி மருந்தும் கூகையும்

கேள்வி: காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நெல் பயிரிடுகிறேன். எலி மருந்து வைத்த நான்காம் நாள், களத்துமேட்டில் கூகை ஒன்று காயமேதுமின்றி இறந்து கிடந்தது. மருந்துதான் காரணமா?
- வாசகர், இராணிப்பேட்டை மாவட்டம்

பதில்: பறவையைச் சோதிக்காமல் உறுதி கூற இயலாது, ஆயினும் உங்கள் ஐயம் நியாயமானதே. இரத்தம் உறைவதைத் தடுக்கும் புரோமடையோலோன் போன்ற மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள்கள் தள்ளாடித் திரிந்து, கூகைக்கு எளிதில் அகப்பட்டு, தன் ஈரலில் தங்கிய நஞ்சையும் அதற்கு ஊட்டிவிடுகிறது. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து பிணந்தின்னிக் கழுகுகளை ஏறக்குறைய அழித்ததும் இவ்வாறே. 2006-இல்தான் அதன் கால்நடைப் பயன்பாடு தடை செய்யப்பட்டது.

கூகையும் சாரைப்பாம்பும் குறைந்த வயலில், ஆண்டுக்குப் பலமுறை ஈனும் எலியே விரைவாக மீள்கிறது. வரப்புகளைக் குறுக்கி வளைகளைக் குறையுங்கள். தஞ்சாவூர்க் கிட்டி என்னும் மூங்கில் எலிப்பொறி வையுங்கள். நட்ட வயலில் கூகை அமர டி வடிவக் குச்சிகளை ஊன்றுங்கள். கூகை அலறினால் சாவு என்று அஞ்சுவோர் நம் வட ஆர்க்காட்டில் இன்றும் உண்டு, சாவு எலிக்குத்தான். இறந்த பறவையையும் எலிகளையும் ஏரிக்கால்வாயில் எறியாமல் ஆழப் புதைத்துவிடுங்கள்.