கரிமணல் கரையில் வெடித்த ஒயர்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் வீடு கொல்லங்கோட்டில், கடலிலிருந்து ஒரு தெரு தள்ளி. மொட்டைமாடி வழியாக மோட்டாருக்குப் போகும் ஒயரின் உறை ஆறே வருடத்தில் வெடித்து உதிர்கிறது. கரிமணலின் கதிர்வீச்சுதான் காரணம் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. வீடு முழுக்க ஒயரிங்கை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகி, கொல்லங்கோடு

பதில்: வேண்டாம், தங்கச்சி. மெயினை அணைத்துவிட்டு, அறைக்குள் இருக்கும் ஒரு சுவிட்ச் பெட்டியை ஒயர்மேனை விட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே ஒயர் நன்றாக வளைகிறதென்றால் மாமா சொன்னது காரணமில்லை. கரிமணலிலிருந்து வரும் காமாக் கதிர் சுவரையும் ஊடுருவும்; மாடி ஒயரை மட்டும் தேடிப் பிடிக்காது.

கரிமணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்தில், கதிர் வீசும் தோரியம் உண்டு, அது உண்மை. கேரளத்தில் கொல்லம் பக்கம் கருநாகப்பள்ளிக் கரையில் சில இடங்களில் ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை அளந்திருக்கிறார்கள். (ஒரு பொருள் வாங்கிக்கொள்ளும் கதிரின் அளவுதான் கிரே; ஆயிரம் மில்லிகிரே ஒரு கிரே.) உங்கள் வீட்டிலும் அவ்வளவு என்றே வைத்துக்கொள்வோம். 100 வருடத்துக்கு 7 கிரே. பி.வி.சி. உறை கெட்டுப்போக லட்சக்கணக்கில் கிரே வேண்டும்.

கேபிள் சோதனைக்கூடத்தில் 22 வருடம் இருந்தவன் நான். காமாக் கதிர் வீசும் கோபால்ட்-60 வைத்துச் சோதிக்கிற அறையிலிருந்து வந்த ஒயர்த் துண்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். (கதிர் பட்ட ஒயர் தானாகக் கதிர் வீசாது, அந்தப் பயம் வேண்டாம்.) வெள்ளைப் பி.வி.சி. வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருக்கும், அமில நெடி மூக்கில் ஏறும். நல்ல சூட்டுக்கும் அசையாத டெஃப்லான் இருக்கிறதே, அதுதான் முதலில் சரியும். சில ஆயிரம் கிரேயிலேயே மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து வலுவிழந்துவிடும். பாலித்தீன் நேர்மாறு: அதன் சங்கிலிகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது. கடையில் இ-பீம் ஒயர் என்று விற்கிறார்களே, அது எலக்ட்ரான் கற்றையை அளவாகப் பாய்ச்சி இப்படிக் கைகோக்க வைத்ததுதான்.

அணுமின் நிலையக் கேபிளில் கவலை வேறு. அதே அளவு கதிர் வருடக்கணக்கில் மெதுவாகப் பட்டால், காற்றின் ஆக்ஸிஜன் உறைக்குள் இறங்க நேரம் கிடைத்து சேதம் கூடும். 7 கிரேக்கு அந்தக் கவலையும் இல்லை.

உங்கள் ஒயரைத் தின்றது வெயில். அறைக்குள் போடுகிற சாதாரண ஒயரை வெளியே இழுத்திருப்பார்கள். புற ஊதாக் கதிரும் சூடும் சேர்ந்து உறையை உலர்த்திவிட்டன. வெடிப்பு வழியாக உப்புக்காற்று புகுந்து செம்பில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அந்த ஒயரை மட்டும் மாற்றுங்கள்: வெயில் தாங்கும் கறுப்பு உறைக் கேபிள், அதுவும் பைப்புக்குள். இடவப்பாதி மழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். நனைந்த மாடியில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். மாற்றும்வரை மோட்டாரைப் போடவே கூடாது.