தைராய்டு மாத்திரையோடு அமுக்கரா சாப்பிடலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், வயது 46. ஆறு வருடமாகத் தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுகிறேன். தூக்கம் வராததால், பக்கத்து வீட்டு அக்கா சொல்லி அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து குடிக்கிறேன். பையன் ஆன்லைனில் அஸ்வகந்தா காப்ஸ்யூலும் வாங்கித் தந்தான். மூன்று வாரமாகிறது. தூக்கம் வருகிறது, ஆனால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. தொடரலாமா?

சித்த மருத்துவர் பதில்: வேண்டாம் அம்மா. இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள். அமுக்கராவும் அஸ்வகந்தாவும் ஒரே செடிதான். தெரியாமலே ஒரே மருந்தை இரண்டு பங்காகச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. உங்கள் மாத்திரையும் அதே ஹார்மோனைத்தான் தருகிறது. இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சினால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை எல்லாம் வரும். இந்த வாரமே டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அக்கா சொன்னது நம் பழைய வழக்கம்தான். உடல் தேறவும் தூக்கத்துக்கும் நாங்களும் கொடுக்கிறோம். வேரைப் பிட்டவியலாக, அதாவது பிட்டுபோலப் பால் ஆவியில் அவித்து, உலர்த்தித்தான் இடிப்போம். சூரணத்தில் கிராம்பு 1 பங்கில் தொடங்கி, சிறுநாகப்பூ, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு என்று ஒவ்வொன்றும் இரட்டித்து, அமுக்கரா 64 பங்கில் வந்து நிற்கும். அதன்மேல் சர்க்கரை 128 பங்கு. ஆக, பாதிக்குப் பாதி சர்க்கரை! அந்த அக்காவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் இதை அவசியம் சொல்லுங்கள்.

ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகளில் வேராக வாங்கினால் ஒன்றை ஒடித்துப் பார்க்கலாம். சட்டென்று முறியும், உள்ளே மாவுபோல வெளுப்பாக இருக்கும், முகர்ந்தால் குதிரை வாடை அடிக்கும். அஸ்வம் என்றால் குதிரை; அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். காப்ஸ்யூலில் அப்படிச் சோதிக்க வழியில்லை. வேர்தானா, இலையும் கலந்திருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஆயுஷ் அமைச்சகமே 2021-இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அபூர்வமாக, இந்த மருந்தால் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ உடம்பு அரித்தாலோ கல்லீரல் பரிசோதனையும் தேவை. கர்ப்பிணிகளும் தூக்க மாத்திரை போடுபவர்களும் இதைத் தானாகத் தொடவே கூடாது.

டாக்டரிடம் போகும்போது சூரண டப்பா, காப்ஸ்யூல் டப்பா இரண்டையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். மாதவிலக்கு முன்பின்னாக வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். உங்கள் வயதில் தூக்கம் கெடுவதற்கு மாதவிலக்கு நிற்கும் காலம் நெருங்குவதே காரணமாக இருக்கலாம்.