வயலோரத்து ஊருக்கு குடி வந்தவங்க கேக்குறாங்க

கேள்வி: அக்கா, நகரத்து இரைச்சல் தாங்காம வயல ஒட்டின ஒரு சின்ன ஊருக்கு குடி வந்து 6 மாசம் ஆச்சு. வந்த புதுசுல எரு நாத்தம், ஜன்னலே திறக்க முடியல. நடுவுல மருந்து அடிச்சாங்க, கண்ணெல்லாம் எரிச்சல். இப்ப அறுவடை, ராத்திரி 11 மணிக்கு மேலயும் மெஷின் ஓடுது. புகார் குடுத்துடலாம்ங்கிறார் வீட்டுக்காரர். அமைதியா இருக்கும்னு நம்பி வந்து ஏமாந்துட்டோமா?

பதில்: ஏமாறலம்மா. ஆனா நீங்க சொன்ன மூணும் ஒண்ணு இல்ல, மூணையும் ஒரே புகார்ல போட்டுடாதீங்க.

அறுவடைய பொறுத்துக்கோங்க, நிஜமாவே கேட்டுக்கிறேன். முத்தின கதிர் மழையில நனைஞ்சு நின்னா தானியம் கதிர்லயே முளைச்சுடும், அத்தன மாசம் பட்ட பாடு ரெண்டு நாள்ல போயிடும், அதோட மெஷின் ஒண்ணு இருக்கும் அதுக்கு காத்திருக்கிற வயல் பத்து இருக்கும், தன்னோட முறை ராத்திரி வந்தா அந்த மனுஷன் ராத்திரிதான் அறுக்கணும், அவரும்தான் தூங்கல. கொஞ்ச நாள்ல முடிஞ்சுடும்.

எரு விஷயத்துல பேச இடம் இருக்கு. நாத்தத்துல அமோனியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. எருவ மேலாப்புல கொட்டி அப்படியே விட்டா அது காத்துல போயிடும், அதாவது பயிருக்கு போக வேண்டிய நைட்ரஜனும் சேர்ந்தே போகுது. கொட்டின அன்னைக்கே உழுது மண்ணுக்குள்ள தள்ளிட்டா நாத்தமும் குறையும், சத்தும் மிஞ்சும். சண்டையா போகாம இந்த கணக்க சொல்லி பேசுங்க, காது குடுத்து கேப்பாங்க.

மருந்து அடிக்கிறது மட்டும் பொறுத்துக்கிற விஷயம் இல்ல. கண்ணு எரிஞ்சுதுன்னா மருந்து உங்க வீடு வரைக்கும் வந்திருக்குன்னுதான் நான் எடுத்துப்பேன். பலமா காத்து அடிக்கும்போது தெளிக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா காத்தே அசையாத விடியக்காலையும் ஆபத்துதான், இது நிறைய பேருக்கு தெரியறதில்ல. ராத்திரி தரை குளிர்ந்து, கீழ குளிர்ந்த காத்தும் அதுக்கு மேல ஒரு மூடி மாதிரி சூடான காத்தும் நின்னுடும், அந்த நேரத்துல தெளிச்சா பொடித்துளி மேல கலைஞ்சு போகாம தரையோட தவழ்ந்து ரொம்ப தூரம் போகும். எங்கயாவது அடுப்புப் புகை மேல ஏறாம படுக்கையா பரவுதான்னு பாருங்க, அதான் அடையாளம். அதனால வயல்காரர்கிட்ட நேர்ல போய் உங்க போன் நம்பர குடுத்து "அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னு கேளுங்க. சொன்னா துணிய உள்ள எடுத்துடலாம், தண்ணித் தொட்டிய மூடிடலாம், பிள்ளைங்களோட விளையாட்டு சாமான உள்ள வச்சு ஜன்னல சாத்திடலாம். கேட்டும் திரும்பத் திரும்ப வீட்டு மேல விழுந்தா தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னு எழுதி வச்சு அப்ப புகார் குடுங்க, அதுக்கு நானே கூட நிப்பேன்.

கேள்வி: 3 மாசக் கைக்குழந்தைக்கு பால் பவுடர் கலக்க போர் தண்ணிய நல்லா காய்ச்சித்தான் ஊத்துறேன். சுத்தி வயல்தான். பயம் இல்லையே அக்கா?

பதில்: தங்கச்சி, முதல் வேலையா அத நிறுத்திட்டு பரிசோதனை செஞ்ச வேற தண்ணிக்கு மாறுங்க, மீதிய அப்புறம் படிங்க.

காய்ச்சினா கிருமி சாகும், உரத்துலயும் எருவுலயும் இருந்து நிலத்தடிக்கு இறங்குற நைட்ரேட் போகாது, தண்ணி ஆவியாகி சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். அதுக்கு நிறம் இல்ல, வாசனை இல்ல, ருசியிலயும் தெரியாது. 6 மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது ரத்தம் ஆக்சிஜன் சுமக்குறத கெடுத்து உடம்பு நீலம் பாரிக்க வைக்கும். 1945லயே அமெரிக்காவுல அயோவா மாநிலத்து டாக்டர் ஹண்டர் காம்லி கிணத்துத் தண்ணிக்கும் இதுக்கும் இருக்கிற தொடர்ப எழுதிட்டார். உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்கிற எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். தண்ணிய லேபுல குடுத்து "நைட்ரேட் பாக்கணும்"னு பேர் சொல்லியே கேளுங்க. வருஷா வருஷம் பாக்கணும், பெரிய மழைக்கு அப்புறமும் பாத்தா நல்லது. சாதா கரி ஃபில்டர் இத பிடிக்காது, ஆர்.ஓ. குறைக்கும். குழந்தையோட உதடு, நகம் நீலமா தெரிஞ்சா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

கேள்வி: பையனுக்கு ஆஸ்துமா. வயக்காத்து பட்டா சரியாகும்னு எல்லாரும் சொல்றாங்க, நம்பி போகலாமா?

பதில்: அந்தப் பேச்சுல பாதி உண்மை இருக்கு தம்பி. 2016ல வந்த ஒரு ஆய்வுல அமெரிக்காவுல இருக்கிற ஆமிஷ், ஹட்டரைட்னு ரெண்டு விவசாய சமூகத்துப் பிள்ளைகள ஒப்பிட்டாங்க. மாட்டுத் தொழுவத்தோடயே வளர்ற ஆமிஷ் பிள்ளைங்கள்ல ஆஸ்துமா 5 சதவீதம், பெரிய மெஷின் வச்சு பண்ணை நடத்துற ஹட்டரைட் பிள்ளைங்கள்ல 21 சதவீதம். ரெண்டு பேரும் விவசாயிங்கதான், அப்ப வயல பாத்தாப்ல வீடு இருந்தா போதும்னு எப்படி சொல்றது? பிறந்ததுல இருந்து தொழுவத்தோட வளர்றதுதான் அங்க வித்தியாசம், ஏற்கனவே ஆஸ்துமா வந்த பிள்ளைய அது குணப்படுத்தும்னு அந்த ஆய்வு சொல்லல.

இன்னொரு பக்கமும் இருக்கு, அறுவடைத் தூசி, அதுல பூஞ்சை வித்து, தாள் எரிக்கிற புகை. 2016 நவம்பர் 21ல மெல்போர்ன்ல இடிமழை அடிச்சப்ப புல்வெளி மகரந்தம் வெடிச்சு பொடியாகி நகரத்துக்குள்ள பரவி ஆயிரக்கணக்குல ஜனங்க மூச்சுத்திணறி ஆஸ்பத்திரிக்கு போனாங்க, 10 பேர் இறந்துட்டாங்க. போறதா இருந்தா டாக்டர்கிட்ட பேசிட்டு, அறுவடை சமயத்துல ஒரு வாரம் தங்கிப் பாருங்க, இன்ஹேலர் கையிலயே இருக்கட்டும்.

கேள்வி: அறுவடை முடிஞ்சா வீட்டுக்குள்ள எலி, பின்னாடியே பாம்பு. என்ன செய்ய?

பதில்: வயல்ல மறைவிடம் போச்சு, அதான் வருது. அறுவடைக்கு முன்னாடியே கதவு அடி இடுக்கு, குழாய் ஓட்டை எல்லாத்தையும் அடைங்க, செவுத்த ஒட்டி விறகோ சாமானோ குவிக்காதீங்க. எலி வராட்டி பாம்புக்கும் அங்க பெருசா வேலை இல்ல.

கேள்வி: இவ்வளவு தொல்லைய நீங்களே சொல்றீங்க, அப்புறம் ஏன் அக்கா நீங்க இன்னும் வயலோர ஊர்லயே இருக்கீங்க?

பதில்: உலகத்துல மூணுல ஒருத்தருக்கு மேல அவங்க இருக்கிற இடத்துல இருந்து பால்வீதி தெரியறதில்ல, வெளிச்சம் அப்படி. எனக்கு கொல்லைக் கதவ திறந்தா தெரியும். வாசல் வெள்ளை லைட்ட மாத்தி கீழ பாத்த மாதிரி மஞ்சள் லைட் போட்டேன், பூச்சியும் குறைஞ்சுது வானமும் கூடுதலா தெரியுது. நீங்களும் நிலா இல்லாத ராத்திரியில லைட்ட அணைச்சுட்டு ஒரு 20 நிமிஷம் போன பாக்காம வெளிய நின்னு பாருங்க, கண்ணு பழகிடும்.