பெட்டியைக் கலைக்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பெரியப்பா ஓவியர். தொழிற்சங்கங்களுக்குச் சுவரொட்டிகளும் லினோகட் (லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடும்) படங்களும் செய்தவர். அவர் விட்டுச்சென்ற இரண்டு பெட்டிகளில் நாட்குறிப்புகள், கடிதங்கள், துண்டறிக்கைகள், குறிப்புகள் நிறைந்த ஸ்கெட்ச் நோட்டுகள் இருக்கின்றன. கலை, அரசியல், சொந்த விஷயம் என மூன்றாகப் பிரித்து ஸ்கேன் செய்து, கட்டுரைகளை மட்டும் புத்தகமாக்க நினைக்கிறோம். சரிதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிரிக்காதீர்கள். எதையும் வெளியே எடுக்கும் முன் பெட்டியை அடுக்கு அடுக்காகப் படமெடுத்துவிடுங்கள். துண்டறிக்கையில் 'செவ்வாய் மாலை 5 மணி' என்றிருக்கும், ஆண்டு இருக்காது. அது எந்த நோட்டுக்குள் செருகியிருந்தது என்பதுதான் பல சமயம் ஆண்டுக்கான ஒரே சாட்சி. உருவி 'அரசியல்' உறைக்குள் போட்டால் அதுவும் போயிற்று.

தவிர, உங்கள் மூன்று பிரிவுகளும் நிற்காது. 1919 ஜனவரியில் கொல்லப்பட்ட ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கார்ல் லீப்னெக்ட்டுக்காக ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் செய்த நினைவுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்சிங்கில் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடுவது) முயன்றார், லித்தோகிராஃபில் (கல்லில் வரைந்து அச்சிடுவது) முயன்றார். 1920இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுப்படங்களைப் பார்த்த பிறகே மரத்துக்குப் போனார். அதைச் சொல்வது அவருடைய நாட்குறிப்பு. லீப்னெக்ட்டின் அரசியலைப் பின்பற்றாமலே அவருக்காகத் தொழிலாளர்கள் அழுவதை வரையத் தனக்கு உரிமை உண்டு என்று வாதாடுவதும் அதே ஆண்டின் நாட்குறிப்புதான். இதை எந்த உறையில் போடுவீர்கள்? 1948இல் கோல்விட்ஸின் மகன் தேர்ந்தெடுத்த பகுதிகள் வந்தன. முழு நாட்குறிப்பு வர 1989 ஆயிற்று. குடும்பத்தார் தேர்ந்தெடுப்பது தவறில்லை. மூலம் குலையாமல் இருந்தால் போதும்.

எண்ணிடும்போது பெட்டி, கட்டு, தாள் என்ற வரிசையில் 1-03-017 என்பதுபோல, பின்பக்க மூலையில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம். செய்தித்தாள் நறுக்குகளின் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். இடையில் அமிலமற்ற தாள் வையுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னை இழுத்தால் தாள் கிழியும். பின்பக்கம் கால்களை நிமிர்த்தி, அடியில் பிளாஸ்டிக் பட்டை கொடுத்துத் தூக்குங்கள். செலோடேப்பை உரிக்க வேண்டாம். லேமினேஷன் கூடவே கூடாது. அதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஸ்கேன் செய்யும்போது எழுத்துக்கு 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), பென்சில் கோடுகளுக்கு 600. வண்ணத்திலேயே எடுங்கள், கறுப்பு வெள்ளையில் சிவப்புப் பென்சில் திருத்தம் மையோடு கலந்துவிடும். தரம் குறையாத டிஃப் கோப்பு மூலப்படி, சிறிய ஜேபெக் கோப்பு பார்வைக்கு. வெற்றுப் பின்பக்கத்தையும் விடாதீர்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

அவருக்கு வந்த கடிதங்களில் தாள்தான் உங்களுடையது, பதிப்புரிமை எழுதியவருடையது. அதில் பெயர் வரும் தோழர்கள் உயிரோடிருக்கலாம். மூலத்தில் மை பூசி அழிக்காமல், வெளியிடும் நகலில் மட்டும் மறையுங்கள்.

கட்டுரைத் தொகுப்பில்தான் எனக்குத் தயக்கம். சுவரொட்டி எழுதுபவர் சங்கம் கொடுத்த வாசகத்தைத் தன் கையால் படியெடுத்துக்கொள்வார். கையெழுத்து அவருடையது என்பதால் எழுத்தும் அவருடையது ஆகிவிடாது. அடித்தல் திருத்தலும் பாதியில் மாறும் வாக்கியங்களும் இருந்தால் அவர் எழுதிய வரைவாக இருக்க வாய்ப்பு அதிகம். பென்சில் கோடு போட்டு, வரிக்கு எத்தனை எழுத்து என்று ஓரத்தில் கணக்கிட்டிருந்தால் அது சுவரொட்டிக்கான படி. அந்தத் தாள்களைப் புத்தகத்தில் சேர்க்காதீர்கள்.