அணி போன பிறகு அரங்கம் யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நகரில் 18,000 பேர் அமரக்கூடிய உள்விளையாட்டரங்கம் ஒன்று கட்டத் திட்டமிடுகிறார்கள். செலவில் சரிபாதியை நகராட்சி ஏற்க வேண்டும் என்கிறார் அணியின் உரிமையாளர். மறுத்தால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார் என்று பேச்சு அடிபடுகிறது. ஆலோசனை நிறுவனம் ஒன்று தந்த அறிக்கையில் ஆயிரக்கணக்கான வேலைகள், சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் பெருவருமானம் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. நண்பர்களில் பாதிப் பேர் "விளையாட்டுக்குச் செலவழிக்க மனமில்லாத ஊர் ஒரு ஊரா" என்கிறார்கள். மீதிப் பேர் "கோடீஸ்வரருக்கு எதற்கு எங்கள் வரிப்பணம்" என்கிறார்கள். அடுத்த மாதம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். எனக்கு அந்த அணியைப் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். நகரம் பணம் தரலாமா, கூடாதா? தருவதென்றால் எதைப் பார்த்துத் தர வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

முதலில் பதில், பிறகு காரணம். அணி நாளைக்கே ஊரைவிட்டுப் போனாலும் ஊருக்குப் பயன்படுகிற எதற்கும் நகராட்சி பணம் போடலாம்: நிலம், சாலை, மழைநீர் வடிகால், மின்தடம், ரயில் நிலையத்திலிருந்து வரும் நடைபாதை. அரங்கின் கட்டடச் செலவைப் பொது வரியின் தலையில் ஏற்றக் கூடாது. அணியின் வருமானம் குறைந்தால் நகராட்சி ஈடுகட்டும் என்ற உத்தரவாதம் எந்தப் பெயரில் வந்தாலும் அதில் கையெழுத்துப் போடவே கூடாது.

அணியைப் பிடிக்கும் என்பது நியாயமான காரணம்தான். பூங்காவுக்கும் நூலகத்துக்கும் லாபம் பார்த்தா செலவழிக்கிறோம்? ஆனால் பிடித்ததற்காகத் தரும் பணத்தை முதலீடு என்று கணக்கெழுதினால் எவ்வளவு தரலாம் என்பதற்கு வரம்பே இல்லாமல் போய்விடும். ஆலோசனை அறிக்கை செய்வது அதைத்தான்.

இத்தகைய அறிக்கைகளில் வழக்கமான தவறு, அரங்குக்குள் புழங்கும் மொத்தப் பணத்தையும் ஊருக்கு வந்த புதுப்பணம் என்று எடுத்துக்கொண்டு அதை ஒரு பெருக்கெண்ணால் (வந்த பணம் ஊருக்குள் கைமாறி எத்தனை மடங்கு வருமானமாகும் என்று சொல்லும் எண்) பெருக்குவது. ஆட்டம் பார்க்க வருகிற குடும்பம் பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பம். அரங்கம் இல்லையென்றால் அதே பணம் சினிமாவுக்கோ உணவகத்துக்கோ போயிருக்கும். அரங்கில் 100 செலவாகிறது, அதில் 75 உள்ளூர்க்காரர்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பணம் 25தான். அந்த 25-லும், வேறு வேலையாக ஊருக்கு வந்து அப்படியே ஆட்டமும் பார்த்துவிட்டுப் போனவர்களின் பங்கு உண்டு. டிக்கெட் பணம் அணிக்குச் சேர்கிறது. அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்பிஏ, ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் இரண்டிலும் லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி வீரர்களின் சம்பளமாகப் போகிறது. பருவம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விடுகிற வீரர்கள் பலர். ஆகவே பெருக்கெண் 2 என்று போட்டிருந்தாலும், எதைப் பெருக்குகிறார்கள் என்று பாருங்கள். கட்டுமான வேலைகள் இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். பழைய அரங்கில் இப்போதே நடந்துகொண்டிருக்கும் இசை நிகழ்ச்சிகளைப் புதிய அரங்கின் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் தேடுங்கள், பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். ரோஜர் நோல், ஆண்ட்ரூ சிம்பாலிஸ்ட், டென்னிஸ் கோட்ஸ், பிராட் ஹம்ப்ரீஸ் என்று இதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ ஒரே முடிவைத்தான் சொல்கிறார்கள்: ஊரின் மொத்த வருமானத்தில் அரங்கத்தால் வரும் கூடுதல், அதற்குக் கொடுத்த மானியத்துக்கு ஈடாவதில்லை.

திறந்தவெளி ஸ்டேடியத்தைவிட உள்ளரங்கத்தின் நிலைமை தேவலை, அதை மறைக்கத் தேவையில்லை. அமெரிக்கக் கால்பந்து அணி ஒரு பருவத்தில் சொந்த மைதானத்தில் எட்டு ஒன்பது ஆட்டம்தான் ஆடுகிறது. கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி அணிகளுக்குத் தலா நாற்பதுக்கு மேல். அதற்கு மேல் இசை நிகழ்ச்சிகள், கண்காட்சிகள். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் 2007-ல் ஸ்பிரிண்ட் சென்டர் என்ற பெயரில் திறந்த அரங்கம், பெரிய லீக் அணி எதுவும் இல்லாமலே கச்சேரிகளையும் கல்லூரிக் கூடைப்பந்தையும் வைத்து நன்றாக ஓடியது. நகரத்தின் பங்குக்கு அங்கே ஹோட்டல் அறைகள் மீதும் வாடகைக் கார்கள் மீதும் கட்டணம் போட்டார்கள். 2004-ல் வாக்காளர்களிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டார்கள்.

ஆனால் அணி இருக்கும் அரங்கில் அந்தக் கச்சேரி வருமானம் யாருக்கு என்பதே கேள்வி. ஆட்டமில்லாத நாள்களின் வாடகை, பார்க்கிங், உணவுக் கடைகள், சூட் எனப்படும் தனியறைகள், அரங்கின் பெயர் உரிமை எல்லாவற்றையும் அணிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, கட்டடம் எங்கள் சொத்து என்று நகராட்சி பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. சொத்து நகராட்சியின் பெயரில் இருந்தால் சொத்துவரியும் வராது. உரிமையாளர்கள் அரங்கத்தை நகராட்சி பெயரிலேயே வைத்துக்கொள்ளத் தாராளமாகச் சம்மதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி கடன். 5 சதவீத வட்டியில் 30 வருடக் கடன்பத்திரம் என்றால், வாங்கிய 100-க்கு ஆண்டுதோறும் சுமார் 6.5 கட்ட வேண்டும். முடிவில் கட்டியது 195. அறிக்கையின் முதல் பக்கத்தில் 100 மட்டும்தான் இருக்கும். இதைவிட முக்கியமானது, முதல் வருடங்களில் கட்டுவதில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும் என்பது. அரங்கில் ஆட அணி எழுதிக்கொடுக்கும் குத்தகை 20 வருடம் என்று வையுங்கள். குத்தகை முடிகிற நாளில் அசலில் இன்னும் பாதி பாக்கி நிற்கும். 11-வது வருடத்தில் அணி போனால் 78-க்கு மேல் பாக்கி.

11 என்ற எண்ணைச் சும்மா சொல்லவில்லை. 1988-ல் திறந்த மயாமி அரீனாவை அதன் கூடைப்பந்து அணி 1999 முடிவில், பதினோரு வருடத்தில், கைவிட்டுப் புதிய அரங்குக்குப் போனது. பழையது 2008-ல் இடிக்கப்பட்டது. அதே 1988-ல் திறந்த சார்லட் கொலீசியத்தில் கிட்டத்தட்ட 24,000 இருக்கைகள் இருந்தன. ஆனால் பணக்கார வாடிக்கையாளர்களுக்கான தனியறைகள் சொற்பம், லீக்கின் வருமானமோ அந்த அறைகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 2001-ல் புதிய அரங்கத் திட்டத்தை வாக்காளர்கள் நிராகரித்தார்கள், 2002-ல் அங்கு ஆடிய கூடைப்பந்து அணி நியூ ஆர்லியன்ஸுக்குப் போனது. கான்கிரீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலாவதியானது வருமான வழி. எனவே கட்டடம் 50 வருடம் நிற்கும் என்று பொறியாளர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் உங்கள் கணக்குக்கு உதவாது. சியாட்டிலின் கிங்டோம் ஸ்டேடியத்தை 2000-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதன் கடன் 2015-ல்தான் அடைந்தது.

உத்தரவாதம் என்ன செய்யும் என்பதற்கு அரிசோனாவின் கிளெண்டேலைப் போல இன்னொரு பாடம் கிடையாது. 2003-ல் திறந்த அரங்குக்கு அந்த நகரம் 18 கோடி டாலர் போட்டது. 2009-ல் கயோட்டீஸ் ஹாக்கி அணி திவாலானது. அரங்கம் காலியாகிவிடுமே என்ற பயத்தில், அணியைத் தாங்கிப்பிடிக்க லீக்குக்கு வருடத்துக்கு 2.5 கோடி டாலர் வீதம் இரண்டு பருவங்களுக்குத் தர நகரம் ஒப்புக்கொண்டது. 2013-ல் புதிய உரிமையாளர்கள் வந்தபோது அரங்கை நிர்வகிக்கும் கட்டணம் என்ற பெயரில் வருடத்துக்கு 1.5 கோடி டாலர், 15 வருடத்துக்கு என்று ஒப்பந்தம். அதாவது நகரத்தின் சொந்தக் கட்டடத்தில் ஆடுவதற்கு நகரமே பணம் கொடுத்தது. 2015-ல் நகரமன்றம் அதை ரத்து செய்ய வாக்களித்தது. 2022-ல் அணி பக்கத்து ஊர் டெம்பியில் ஒரு சிறிய கல்லூரி அரங்குக்குப் போனது. 2023-ல் டெம்பி வாக்காளர்கள் புதிய அரங்கத் திட்டத்தைத் தோற்கடித்தார்கள். 2024-ல் அணி சால்ட் லேக் சிட்டிக்குப் போயே போய்விட்டது. கிளெண்டேலின் முதல் தவறு அரங்கம் கட்டியதில்கூட இல்லை. ஒரே வாடகைதாரரை நம்பிக் கடன் வாங்கினால், பிறகு ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் அந்த வாடகைதாரர் கைதான் ஓங்கும்.

ஆகவே குத்தகை ஒப்பந்தத்தை வரிவரியாகப் பாருங்கள். குத்தகைக் காலம் கடன் காலத்தைவிட ஒரு நாளும் குறையக் கூடாது. இடையில் போனால் பாக்கி அசல் முழுவதும், அதற்கு மேல் காலியான வருடங்களுக்கான ஈடும் அணி தர வேண்டும். பணம் கட்டிவிட்டுப் போகலாம் என்பது மட்டும் போதாது, போகவிடாமல் தடுக்க நீதிமன்றத்தை நாடும் உரிமையும் எழுத்தில் இருக்க வேண்டும். குத்தகை முடிந்து புதுப்பிக்காமல் போனால் என்ன என்பதும் தனியாக எழுதப்பட வேண்டும். ஓக்லண்டில் வாரியர்ஸ் கூடைப்பந்து அணி 2019-ல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனபோது, குத்தகையை நாங்கள் முறிக்கவில்லை, அது தானாக முடிந்தது, எனவே பழைய புதுப்பிப்புக் கடனின் பாக்கி எங்கள் பொறுப்பில்லை என்று வாதாடியது. சுமார் 4 கோடி டாலர் விவகாரம். அணி தோற்றது. ஆனாலும் நடுவர் மன்றம், நீதிமன்றம் என்று வருடங்கள் போயின.

யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். அணிகள் இதற்கென்றே சொத்து எதுவும் இல்லாத ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கி அதன் பெயரில் ஒப்பந்தம் போடுவதுண்டு. அது திவாலானால் உங்களிடம் மிஞ்சுவது காகிதம். அணியை வைத்திருக்கும் தாய் நிறுவனத்தின் உறுதிப்பத்திரம் வேண்டும்.

அடுத்து, "முதல் தர நிலையில் பராமரிப்பது" என்ற வகை வாசகம். செயின்ட் லூயிஸ் நகரம், தன் ஸ்டேடியம் லீக்கின் முதல் கால்வாசி ஸ்டேடியங்களுக்குள் இருக்கும் என்று ராம்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு எழுதிக்கொடுத்தது. எல்லா ஊரும் புதிது கட்டிக்கொண்டே இருக்கும்போது அந்த வாக்கை யாராலும் காப்பாற்ற முடியாது. 2013-ல் நடுவர்கள் அணிக்குச் சாதகமாகச் சொன்னார்கள். 2016-ல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது. சின்சினாட்டியில் ஒருபடி மேலே போய், அப்போது எங்குமே இல்லாத ஹோலோகிராம் மறு ஒளிபரப்புக் கருவியைக்கூடக் குத்தகைப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்! பராமரிப்பு என்றால் எது, யார் பணம் என்று பொருள்வாரியாக எழுதச் சொல்லுங்கள்: கூரையும் அஸ்திவாரமும் ஒரு பக்கம், ஸ்கோர் திரை, ஒலியமைப்பு, பனித்தளக் குளிரூட்டி, லிஃப்ட், இருக்கைகள் மறுபக்கம். இரண்டாவது வகையில் பல பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டியவை, அவை அணியின் செலவாக இருக்கட்டும். அதற்கான வைப்பு நிதியில் முதல் வருடத்திலிருந்தே பணம் சேர வேண்டும். மதிப்பீட்டைத் தாண்டும் கட்டுமானச் செலவு முழுக்க உரிமையாளருடையது. வடிவமைப்பை முடிவு செய்பவர் அவர்தான் என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

வரி எதன் மீது என்பதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். டிக்கெட் மீதான கூடுதல் கட்டணம்தான் நேர்மையானது: அனுபவிப்பவர் தருகிறார், கூட்டம் குறைந்தால் அதன் பாதிப்பும் அணியின் விலை நிர்ணயத்திலேயே தெரியும். விற்பனை வரி மோசமானது, அரங்கத்தின் வாசலைக்கூட மிதிக்காத ஏழைக் குடும்பமும் அதைக் கட்டும். பார்க்கிங் வருமானத்தை அடகுவைப்பது நடுவில். சாக்ரமெண்டோ 2016-ல் திறந்த அரங்குக்காக அப்படிச் செய்தது, 25 கோடி டாலருக்கு மேல். ஆனால் பார்க்கிங் பணம் ஏற்கெனவே நகராட்சியின் வேறு செலவுகளுக்குப் போய்க்கொண்டிருந்த பணம், வானத்திலிருந்து விழுந்ததில்லை.

"மறுத்தால் அணி போய்விடும்." போகலாம், அதை மறுக்க மாட்டேன். சியாட்டில் வாக்காளர்கள் 2006-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: விளையாட்டு அணிகளுக்கு நகரம் பணம் தந்தால் அதற்கு 30 வருட அரசுக் கடன்பத்திரத்தின் வட்டியளவாவது திரும்பி வர வேண்டும். 2008-ல் சூப்பர்சானிக்ஸ் கூடைப்பந்து அணி ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது. குத்தகை மீதமிருந்ததால் நகரத்துக்கு 4.5 கோடி டாலர் கொடுத்துவிட்டுத்தான் போக முடிந்தது. ரசிகர்களுக்கு அது ஆறாத வலி. ஆனால் அதே இடத்தில், பழைய கூரையை மட்டும் அந்தரத்தில் தாங்கி நிறுத்திக்கொண்டு அடியில் புதிதாகத் தோண்டிக் கட்டிய அரங்கம் 2021-ல் திறந்தது. செலவு 100 கோடி டாலருக்கு மேல், தனியார் பணம். சான் பிரான்சிஸ்கோவில் வாரியர்ஸ் கட்டிய அரங்கமும் தனியார் பணம்தான். பெரிய சந்தை உள்ள ஊரில் உரிமையாளரால் கட்ட முடியும். உங்கள் ஊர் சிறியது என்றால் மிரட்டலுக்கு வலு கொஞ்சம் கூடும். அப்போதும் முதலில் கேட்க வேண்டியது, போவதாகச் சொல்லும் ஊரில் லீக்கின் தரத்துக்கு ஏற்ற அரங்கம் இன்று இருக்கிறதா என்பது. இல்லையென்றால் உங்களுக்குப் பேரம் பேச நேரம் இருக்கிறது.

கூட்டத்துக்கு முன் நகராட்சியிடம் நான்கு காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: கடன் திருப்பிச் செலுத்தும் ஆண்டுவாரி அட்டவணை, குத்தகை வரைவு, ஆட்டமில்லாத நாள்களின் வருமானப் பங்கீடு, ஆலோசனை நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுத்தது யார் என்ற விவரம். பேச மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்றால் அட்டவணையையும் குத்தகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குத்தகை முடியும் வருடத்தில் பாக்கி எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். குத்தகை வரைவு இன்னும் தயாராகவில்லை, கொள்கையளவில் இப்போது ஒப்புதல் கொடுங்கள், மற்றது பிறகு என்று சொன்னால் வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். ஒப்புதல் கிடைத்த பிறகு நகராட்சிக்குச் சாதகமான நிபந்தனை ஒன்றைப் புதிதாகச் சேர்க்க உரிமையாளருக்கு எந்த அவசியமும் இருக்காது.