சிறைக்குள் ஒரு நாவல்

கேள்வி: 1950-ல் சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டை நாவலாக எழுதுகிறேன். தாத்தா அங்கே வார்டர். எழுத எழுதக் கட்டுரையாகிவிடுகிறதே?
– வாசகி, அம்மாபேட்டை, சேலம்.

பதில்: தேதியை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது. பிப்ரவரி 11. நாடு குடியரசாகி 16 நாள்தான். கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் செத்தார்கள். இதெல்லாம் வரலாற்று நூலிலேயே இருக்கிறது. வாசகருக்கு நீங்கள் தர வேண்டியது, அன்று இரவு தாத்தா வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தாரா என்பதை.

சுட்ட பக்கம் நின்றவரின் பேத்தி நீங்கள். அதை மறைக்காதீர்கள். அரசியலை அந்த வீட்டிலிருந்தே பேசுங்கள்: மாதச் சம்பளம், குடியிருப்பு, பக்கத்து வீட்டு வார்டர் என்ன சொன்னார், பாட்டி எதைக் கேட்காமல் விட்டார். யாரையும் மேடையேற்றிப் பேசவிட வேண்டாம். எனக்கு அது பொறுக்காது.

இறந்தவர்களில் பலர் மலபார்க்காரர்கள். மலபார் அப்போது சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. 1956-ல்தான் கேரளத்தோடு சேர்ந்தது. சேலத்துச் சிறையில் மலையாளத்தில் தண்ணீர் கேட்டவனுக்கு உங்கள் தாத்தா எந்த மொழியில் பதில் சொன்னார்? ‘நாம், அவர்கள்’ என்ற பிரிவு அங்கேதான் பிறக்கிறது. அந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள், பத்துப் பக்கம் போனாலும் சரி.

அப்புறம், அம்மா ஒன்று சொல்வார், மாமா வேறு சொல்வார். எது உண்மை என்று தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு, அவரவர் ஏன் அப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். மாமாவிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.